எழுபத்தேழாம் டோக்கன்

கல்லூரியில் அவருக்குக் 'கையெழுத்து' என்று பெயர். மாணவர்கள் வைத்தது. பிறகு ஆசிரியர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். கடைசியில் தோட்டக்காரர்கூட "கையெழுத்து வந்துட்டாரா?" என்றுதான் கேட்டார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் முப்பத்தொரு வருடம் உதவி நூலகராக இருந்தார். அங்கே யார் எந்தப் புத்தகத்தைத் தொட்டாலும், ஜன்னலோர மேசையில் பத்து நிமிஷம் புரட்டிவிட்டு வைத்தாலும் சரி, கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டில் முத்திரை விழவேண்டும், பதிவேட்டில் கையெழுத்து விழவேண்டும்.

"சார், இங்கயே நின்னு ஒரே ஒரு பக்கம் பாத்துட்டு வெச்சிடறேன் சார்."

"பாருங்களேன். கையெழுத்துப் போட்டுட்டுப் பாருங்க."

"ஒரு பக்கத்துக்கா?"

"ஒரு பக்கமோ ஒம்பது பக்கமோ, ஆள் வந்து தொட்டாங்கன்னு புத்தகத்துக்கு ஒரு சாட்சி வேணும்ல?"

ஒருமுறை முதல்வரே அகராதியில் ஒரு சொல் பார்க்க வந்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் அகராதியைத் திறக்க முடிந்தது. "சொத்தை எழுதி வாங்கற மாதிரி வாங்கறீங்களேய்யா" என்றார். அவர் சிரிக்கவில்லை. முத்திரையை மையில் தோய்த்துக் குத்தினார்.

இதைக் கண்டிப்பு என்று சொன்னார்கள். அவர் அளவில் அது ஒருவகை அக்கறை. புத்தகம் படிக்கப்பட்டதா இல்லையா என்பது நூலகத்துக்குத் தெரியாது. தேதிச் சீட்டுக்கு மட்டுமே தெரியும். சீட்டு வெறுமையாக இருந்தால், ஆயிரம் பேர் படித்திருந்தாலும் அது யாரும் படிக்காத புத்தகம்தான். யாரும் படிக்காத புத்தகத்துக்கு என்ன நேரும் என்பதை அவர் அறிவார்.

நாற்பத்தைந்தாவது வயதில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். தலைப்பு, ஆசிரியர் வங்கியின் வாசகசாலைகள். அரை நூற்றாண்டுக்கு முன் மூடப்பட்ட சிறிய வங்கி அது. பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுசேர்ந்து தொடங்கியது. ஒவ்வொரு கிளையிலும் முன்பாதி வாசகசாலை, பின்பாதி வங்கி. பணம் எடுக்க வந்தவர் டோக்கன் வாங்கிக்கொண்டு, எண்ணைக் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்கார்ந்து படிப்பார். படித்ததை வகுப்பில் வாசித்துக்காட்ட விரும்பினால் இரண்டு வாரத்துக்குப் புத்தகம் கடன் கொடுத்தார்கள். பணக்கடனைவிடப் புத்தகக்கடன் ஒழுங்காகத் திரும்பி வந்தது என்பது அவருடைய முதல் கண்டுபிடிப்பு.

"அதனாலதான் பேங்க் முழுகிடுச்சு போல" என்றார் வழிகாட்டி.

அந்தத் தலைப்பை வைத்துக்கொள்ள எந்தத் துறைக்கும் மனமில்லை. நூலகத் துறை இது வங்கி வரலாறு என்றது. வரலாற்றுத் துறை இது கல்வி என்றது. கல்வித் துறை, வாசகசாலை என்று தலைப்பிலேயே இருக்கிறதே என்று கோப்பைத் திரும்பவும் நூலகத் துறைக்கே தள்ளிவிட்டது. பதினான்கு வருடத்தில் மூன்று வழிகாட்டிகள். முதலாமவர் ஓய்வுபெற்றார். இரண்டாமவர் இறந்துபோனார். மூன்றாமவர், மாணவராக இருந்த காலத்தில் இவரிடமே தாமதக் கட்டணம் கட்டியவர். அந்த ரசீது இன்னும் தன்னிடம் இருப்பதாக அவ்வப்போது மிரட்டுவார்.

அந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் அவருடைய மனைவி. பதிவுப் படிவத்தில் அதை எழுத இடமில்லை.

அவள் அப்பா அந்த வங்கியின் ஒரு கிளையில் கவுன்ட்டர் கிளார்க். தலைமை அலுவலகம் ஆட்டம் கண்டுவிட்டது என்ற பேச்சு கிளம்பிய மறுநாள் காலை, எட்டு மணிக்கே கிளை வாசலில் வரிசை நின்றது. எல்லாரும் ஆசிரியர்கள், அல்லது அவர்கள் வீட்டுப் பெண்கள். அவர் கதவைத் திறந்து, வழக்கம்போல் டோக்கன் கொடுத்து, பதிவேட்டில் ஒவ்வொரு பெயராக எழுதி, எண்ணைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பணம் கொடுத்தார். மதியத்துக்குள் பெட்டி காலி. ஷட்டரை இறக்கினார்கள். அது மறுபடி ஏறவேயில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் கதை தயாராகிவிட்டது. கிளார்க் பின்கதவு வழியாகத் தன் ஆட்களுக்கு முதலில் கொடுத்துவிட்டார், அதனால்தான் பெட்டி அவ்வளவு சீக்கிரம் காலியானது என்றார்கள். நாளிதழ் ஒன்று அதையே ஒரு வரியில் போட்டது. வழக்கு இல்லை, விசாரணையும் இல்லை. விசாரணை வைத்திருந்தாலாவது அதற்கு ஒரு முடிவு இருந்திருக்கும்.

அதன் பிறகு அந்த மனிதர் பேனாவைத் தொடவில்லை. மரக்கடையில் பலகை அளக்கும் வேலைக்குப் போனார். அளவை வாயால் சொல்வார், வேறொருவர் எழுதிக்கொள்வார். கையெழுத்துக் கேட்ட இடத்திலெல்லாம் கட்டைவிரலை நீட்டினார். வீட்டில் அவர் எழுதியிருந்த கடிதம், நோட்டு, துண்டுக் காகிதம் எல்லாவற்றையும் ஒருநாள் அடுப்பில் போட்டுவிட்டார். மகளுக்குப் பத்தொன்பது வயதானபோது போய்ச்சேர்ந்தார்.

வங்கி மூடிய நாளில் அவளுக்கு வயது ஆறு. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் அந்த வரிசையில்தான் நின்றாள். அம்மாவின் கையில் பித்தளை டோக்கன், எண் எழுபத்தேழு. அந்த எண்ணைக் கூப்பிடவேயில்லை. ஷட்டர் இறங்கியதும் அப்பா வெளியே வந்து அம்மாவிடமிருந்து டோக்கனைத் திருப்பி வாங்கினார். "பேங்க் சாமான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஆணியில் மாட்டினார். அம்மாவின் பாஸ்புக்கையும் பிறகு கணக்கு முடிக்க வந்த அதிகாரி வாங்கிக்கொண்டு போய்விட்டார். மிச்சம் இருந்தது ஆறு வயதுப் பிள்ளையின் ஞாபகம். அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்ட முடியும்?

அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். எப்பேர்ப்பட்ட டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவாள். மற்ற கடைக்காரர்கள்கூடச் சீட்டை அனுப்பி அவளிடம் கேட்பார்கள். ஆனால் பணம் வாங்கும் மேசையில் மட்டும் உட்காரமாட்டாள். முதலாளி மூன்றுமுறை கேட்டுப்பார்த்து விட்டுவிட்டார். ஒருமுறை குடியிருப்போர் சங்கத்தில் அவளைப் பொருளாளராகப் போடலாம் என்று யாரோ சொன்னபோது, பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் சிரித்தார். "போடுங்க, போடுங்க. பரம்பரை அனுபவம் இருக்கே!" பாதிப் பேருக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது. அதன்பின் அவள் கூட்டத்துக்குப் போகவில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில், வணிகவியல் அலமாரியின் கீழ்த்தட்டில், பச்சைத் துணி அட்டை போட்ட நீளமான ஏடு ஒன்றை அவர் உருவினார். வங்கி மூடிய பிறகு அதன் வாசகசாலை அலமாரிகளைக் கல்லூரிக்குக் கொடுத்திருந்தார்கள். அப்போதிருந்த யாரோ ஒரு ஊழியர், அலமாரிக்குள் இருந்ததையெல்லாம் புத்தகம் என்று நினைத்து, எண் போட்டு, முத்திரை குத்தி, தேதிச் சீட்டு ஒட்டி அடுக்கிவிட்டார். அந்தப் புத்தகங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வந்தது டோக்கன் பதிவேடு. அதன் கடைசிப் பக்கங்களில் கடைசி நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே சொன்னார்.

"எழுபத்தேழு இருக்கு."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எங்க?"

"பதிவேட்டுல. உங்க அம்மா பேரு, பாஸ்புக் நம்பர், எவ்வளவு கேட்டாங்க, எல்லாம் இருக்கு. கடைசிக் கட்டம் மட்டும் காலி."

"காலின்னா?"

"பணம் குடுத்திருந்தா அதுல டிக் இருக்கும். ஒண்ணுலேருந்து அறுபத்திரண்டு வரைக்கும் வரிசையா டிக். ஒரு நம்பர்கூட முன்னப்பின்ன மாறல. பக்கத்துலயே நேரம் எழுதியிருக்கார். அதுக்கப்புறம் தொண்ணூத்திமூணு வரைக்கும் எல்லாமே காலி. உங்க அம்மாவுக்கும் சேத்துத்தான்."

அவள் மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள். "அப்பா எழுதினதா?"

"முழுக்க அவர் கைதான்."

"நான் வந்து பாக்கலாமா?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "உறுப்பினர் இல்லாதவங்க உள்ள வரணும்னா முதல்வர்கிட்ட கடிதம் வாங்கணும். எதுக்குன்னு கேப்பாங்க. சொல்லப்போனா, ஆராய்ச்சி பண்றவன் வீட்டு விஷயம்னு வேற பேச்சு வரும். கொஞ்சம் பொறு. புத்தகமா வரட்டும். நீ மட்டும் இல்ல, அந்தக் கிழவன் மொதக்கொண்டு எல்லாரும் பாக்கலாம்."

"சரி" என்றாள். பிறகு ஒருநாளும் அதைக் கேட்கவில்லை.

அந்தப் பதிவேட்டை அவர் நகலெடுக்கும் இயந்திரத்தில் வைக்கவில்லை. விரித்து அழுத்தினால் தையல் விட்டுப்போகும். படம் எடுக்கவும் இல்லை. 'நூலகத்துள் படம் எடுக்கக் கூடாது' என்று வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பு அவரே எழுதியது. மதிய இடைவேளைகளில் தன் மேசைக்கு எடுத்துவந்து, மூன்று வாரம் உட்கார்ந்து, தொண்ணூற்றுமூன்று பதிவுகளையும் ஒரு நீள நோட்டில் கையால் எழுதிக்கொண்டார். அதன் பிறகும் வருடக்கணக்கில் சந்தேகம் வந்தபோதெல்லாம் எடுத்துப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் அதே கீழ்த்தட்டில் அதே இடத்தில் வைத்துவிடுவார். தன் இழுப்பறையில் பூட்டி வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. நூலகத்தின் பொருளை ஒருவர் தன் இழுப்பறையில் வைத்துக்கொள்வது திருட்டு.

அவர் செய்யாதது ஒன்றுதான். தன்னிடம் அவர் கையெழுத்துக் கேட்கவில்லை. வெளியே கொண்டுபோகவில்லையே, பத்தடி தூரத்து மேசைக்குத்தானே, அதுவும் தன் மேசைக்கு. அத்தனை வருடத்தில் அந்தத் தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட விழவில்லை.

முழுக்க ஒழுங்கான மனிதராக இருந்திருந்தால் சீட்டில் முத்திரை இருந்திருக்கும். கொஞ்சம் ஒழுங்கு தவறியவராக இருந்திருந்தால் ஏடு இழுப்பறையில் இருந்திருக்கும். இரண்டில் எது நடந்திருந்தாலும் பதிவேடு பிழைத்திருக்கும். அவரை நேர்மையானவர் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் தயங்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆய்வு முடியும் தறுவாயில் நூலகத்துக்குக் கணினிகள் வந்தன. அவற்றை வைக்க இடம் வேண்டியிருந்தது. புதிதாக வந்திருந்த தலைமை நூலகர், இவரைவிட இருபது வயது இளைய பெண், விதியைச் சரியாகவே படித்திருந்தார். பத்து வருடமாக யாரும் எடுக்காத நூல்களைக் கழிக்கலாம்.

"யார் எடுத்தாங்க எடுக்கலன்னு எப்படி சார் பாக்கறது?"

"தேதிச் சீட்டப் பாத்தாப் போதும் மேடம். இங்க கையெழுத்து இல்லாம யாரும் ஒரு புத்தகத்தக்கூடத் தொட்டதில்ல."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

தற்காலிக ஆட்கள் இருவரை அவரே பழக்கினார். சீட்டைப் பார், தேதி பழையதா, அல்லது வெறும் சீட்டா, கட்டு. ஆறு நாள் கட்டினார்கள். பட்டியலில் எண்கள் மட்டுமே இருந்தன. பெயர் எழுதினால் பட்டியல் நீண்டுவிடும். நாற்பத்தொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். இருபத்தேழாம் பக்கத்தின் நடுவில் பதிவேட்டின் எண் இருந்தது. பெயர் இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். எண்ணாக அவர் அதை அறிந்ததில்லை. அவருக்கு அது பச்சை அட்டை, கீழ்த்தட்டு, இடது ஓரம். அந்த மாதம் அவர் ஆறாம் அத்தியாயத்தில் இருந்தார். நான்காம் அத்தியாயத்தின் ஆதாரத்தை எடுத்துப் பார்க்கும் தேவை வரவில்லை.

ஒன்றரை வருடம் கழித்துத்தான் தேவை வந்தது. சமர்ப்பித்த ஆய்வேட்டைப் படித்த வெளித்தேர்வாளர், வாய்மொழித் தேர்வன்று அந்தப் பதிவேட்டை நேரில் பார்க்க விரும்புவதாக எழுதியிருந்தார். கடிதத்தைப் படித்த கையோடு அவர் வணிகவியல் பக்கம் போனார். மிஞ்சிய வணிகவியல் நூல்களோடு அதுவும் அடுத்த வரிசைக்குப் போயிருக்கும் என்றே நினைத்திருந்தார்; அங்கே இல்லை. பழைய அலமாரி இருந்த இடத்தில் கணினி மேசை இருந்தது. ஒரு மாணவி நாற்காலியைத் தள்ளி வழிவிட்டாள். "ஏதாவது விழுந்துடுச்சா சார்?" என்று கேட்டாள். அவர் குனிந்தபடியே இல்லை என்று தலையாட்டினார்.

கழித்த கட்டுகளை எடைக்கு வாங்கிய பழைய காகிதக் கிடங்குக்குப் போனார். கிடங்குக்காரர் தராசின் பக்கத்தில் உட்கார்ந்து சணல் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நீள வாக்குல இருக்கும். பச்சைத் துணி அட்டை."

"சார், ஒன்றரை டன்னுல பச்சை அட்டையத் தேடறீங்களே! பழைய கணக்கு ஏட்டுத் தாள் நல்ல தடிப்பு. அதுக்குத்தான் ஆலையில கிராக்கி. வந்த வாரமே போயிருக்கும், இந்நேரம் டப்பாவா மாறி, டப்பாவும் குப்பைக்குப் போயிருக்கும்."

"எதையாவது தனியா எடுத்து வெச்சிருப்பீங்களோன்னு..."

"நான் என்ன சும்மா அள்ளிட்டா வந்தேன்? பக்கம் பக்கமா நீங்கதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க? அந்தத் தாள்கூட வெச்சிருக்கேன், பாக்கறீங்களா?"

இன்னும் இரண்டுமுறை போனார். மூன்றாம்முறை கிடங்குக்காரர் இரக்கப்பட்டு, ஒரு நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, எங்கிருந்தோ ஐந்தாறு பச்சை அட்டைகளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். வேறு எதனுடைய அட்டைகளோ அவை. அவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துவிட்டு அடுக்கி வைத்தார்.

வழிகாட்டி யோசனை சொன்னார். "கரையான் தின்னுடுச்சுன்னு சொல்லிடுங்க சார்."

"தின்னலையே."

"கரையான் வந்து மறுப்புத் தெரிவிக்கவா போகுது?"

வழிகாட்டி பேனாவை மூடினார். "சார், இன்னும் எட்டு மாசத்துல உங்களுக்கு ஓய்வு. பதினாலு வருஷம். எனக்கு முன்னாடி ரெண்டு பேரத் தாண்டியாச்சு. என்னையும் அனுப்பிட்டுத்தான் முடிப்பீங்களா?"

வாய்மொழித் தேர்வில் அவர் உள்ளதைச் சொன்னார். பதிவேடு கழிக்கப்பட்டது, கழித்த பட்டியலில் கையெழுத்துப் போட்டது நான்தான், என்னிடம் இருப்பது கைப்படி என்று சொல்லி நோட்டை மேசைமேல் வைத்தார். மூடிப்போன வங்கிகளைப் பற்றியே வாழ்நாளெல்லாம் எழுதிய அந்தத் தேர்வாளர் அம்மையார், நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் பார்த்தார்.

"நன்றியுரையில உங்க மாமனார் அந்தக் கிளையில வேலை பாத்தார்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்கம்மா."

"இந்தக் கிளார்க் அவர்தானா?"

"அவர்தான்."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க எழுதினது நிஜமா இருக்கலாம். எனக்கென்னவோ நிஜம்னுதான் படுது. ஆனா அத நான் ஏத்துக்கணும்னா உங்கள நம்பணும். ஆள நம்பி ஏத்துக்கறதுன்னா அப்புறம் ஆராய்ச்சி எதுக்கு? மாமனாரக் காப்பாத்த மருமகன் எழுதின பட்டியல்னு நாளைக்கு ஒருத்தர் சொன்னா உங்ககிட்ட என்ன இருக்கு?"

அவரிடம் ஒன்றுமில்லை. அம்மையார் சொன்னதில் தவறும் இல்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் கையெழுத்தும் அதையேதான் சொல்லியிருப்பார்.

நான்காம் அத்தியாயத்தை நீக்கி மூன்று மாதத்தில் திருத்திக் கொடுத்தால் பட்டம். நீக்க மனமில்லையென்றால் மூல ஆதாரத்தோடு ஒரு வருடத்தில் மறுபடி சமர்ப்பிக்கலாம் என்று குழு எழுதிக்கொடுத்தது. மூல ஆதாரம் டப்பாவாகிவிட்டது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார், இருபத்தேழாம் பக்கத்துக் கையெழுத்து உட்பட. அவள் கேட்டுக்கொண்டே அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"அப்பா டோக்கனத் திருப்பி வாங்கி மாட்டினார்" என்றாள். "நீங்க ஏட்ட எடுத்த எடத்துலயே வெச்சீங்க. நல்லாத்தான் பொருந்தியிருக்கு."

"நீ சொல்லு. எடுக்கட்டுமா, வேண்டாமா?"

"வெச்சுக்கிட்டு என்ன பண்றது? எடுத்துட்டு டாக்டர் ஆகுங்க. ஒருத்தராவது எதையாவது முடிச்சதா இருக்கட்டும்."

அவர் எடுத்தார். நாற்பத்தாறு பக்கம். ஐந்தாம் அத்தியாயத்துக்கு நான்கு என்று எண் போட்டார். பள்ளிகளுக்குப் போன புத்தகங்களைப் பற்றியது அது. அதில் ஓரிடத்தில் அடிக்குறிப்பு ஒன்று சேர்த்தார்: 'கடைசி நாள் பட்டுவாடா குறித்த பதிவேடு கிடைக்கவில்லை.' பட்டம் வந்தது. பாராட்டுக் கூட்டத்தில் வழிகாட்டி அந்தப் பழைய ரசீதைச் சட்டம் போட்டுப் பரிசளித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார் என்று சொல்கிறார்கள்.

பட்டம் வந்த இரண்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மருந்துக்கடைக்கு இரண்டு மணிக்குத்தான் போகவேண்டும் என்பதால் அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆய்வேட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். பத்து நாளாக, தினம் கொஞ்சமாகப் படித்துவந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து ஓய்வூதியப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இத நீங்களா எழுதினீங்க?"

ஏட்டைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். மூன்றாம் அத்தியாயம், நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம். கிளை ஊழியர் ஒருவர் தம் உறவினர்களுக்கு முன்னதாகவே பணம் கொடுத்துவிட்டதாக மறுநாள் நாளிதழ் ஒன்று எழுதியது என்று இருந்தது. எந்தக் கிளை என்றும் இருந்தது. அதற்கடுத்த வரி: 'இக்கூற்றின் உண்மை அடுத்த அத்தியாயத்தில் ஆராயப்படும்.'

அவர் அதை இரண்டுமுறை படித்தார்.

"அடுத்த அத்தியாயத்தப் பாத்தேன்" என்றாள். "எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எத்தன புத்தகம் போச்சுன்னு இருக்கு. அதுல கீழ பொடியா ஒரு வரி, பதிவேடு கிடைக்கலன்னு."

"அது... அதுக்குப் பதில் நாலாம் அத்தியாயத்துல..." அவர் நிறுத்திக்கொண்டார். "நாலாம் அத்தியாயத்த எடுக்கச் சொன்னாங்க. மூணாவத நான் திரும்பப் பாக்கல. ஒரு பத்திதான். எழுதிக் குடுத்து மாத்தச் சொல்லலாம்."

"எத்தன பிரதி போட்டீங்க?"

"அஞ்சு. பல்கலைக்கழகத்துல ஒண்ணு..." படிவத்தை ஓரமாக நகர்த்தி, "இணையத்துலயும் ஏத்திட்டாங்க" என்றார்.

அவள் ஏட்டைத் தன் பக்கம் இழுத்து மூடினாள். அட்டையில் தங்க எழுத்தில் அவர் பெயர் இருந்தது. "பேப்பர்ல வந்தது மறுநாளே பழைய பேப்பர் ஆயிடுச்சு. இது அப்படிப் போகாது இல்ல?"

நூலகராக அவருக்கு அதற்கு விடை தெரியும். ஆய்வேடுகளைக் கழிக்கும் விதி எந்த நூலகத்திலும் இல்லை.

"அந்த நோட்டக் கொண்டாங்க" என்றாள்.

கொண்டுவந்தார். அவள் பக்கங்களைத் தள்ளி எழுபத்தேழில் விரலை வைத்தாள். அம்மாவின் பெயர், எண், தொகை, காலிக் கட்டம். வெகுநேரம் பார்த்தாள். மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோல் கொஞ்சம் தள்ளிப் பிடித்தும் பார்த்தாள்.

"இது உங்க எழுத்து."

"ஆமா."

"அப்பா எழுத்த நான் பாத்ததே இல்லங்க. எனக்கு விவரம் தெரியறதுக்குள்ள எல்லாத்தையும் எரிச்சுட்டார்." விரல் அங்கேயே இருந்தது. "அவர் ஏழு எப்படிப் போடுவார்?"

அவர் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, பென்சிலால் ஒரு ஏழு எழுதினார். பார்த்துவிட்டு, பக்கத்தில் இன்னொன்று எழுதி, நடுவில் சின்னதாகக் குறுக்குக் கோடு போட்டார்.

"கோடு உண்டா, இல்லையா?"

"இருந்துச்சு." பென்சில் நின்றது. "இருந்துச்சுன்னு நினைக்கிறேன். நான் என்ன எழுதியிருக்குன்னுதான் பாத்தேன்."

"டாக்டருங்க ஒண்ணும் ஏழும் ஒரே மாதிரி போடுவாங்க. யார் போட்டதுன்னு பாத்தா எனக்குப் பிரிஞ்சிடும்" என்றாள். "ஒருதடவ பாத்திருந்தாக்கூடப் போதும். அப்புறம் எங்க பாத்தாலும் இது அப்பாவோடதுன்னு சொல்லியிருப்பேன்."

மணி ஒன்றே முக்கால். அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். அவர் படிவத்தின் பின்பக்கத்தில் அந்த ஏழுகளுக்குக் கீழே இன்னொன்று எழுதினார். தலையைக் கொஞ்சம் வளைத்து ஒன்று, காலைச் சாய்த்து ஒன்று, கோட்டோடு, கோடில்லாமல். தாளின் அடிவரை எழுதிப் பார்த்தார். எல்லாம் அவர் வழக்கமாகப் போடும் ஏழாகவே வந்தன.